சக்கரம் சுற்றும் அறை

"நாங்க வந்து எவ்வளவு நேரமாச்சு! உன் வீட்டுக்காரர் எட்டிக்கூடப் பார்க்கலையே?" என்றாள் அக்கா.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "பின்னறையில சக்கரம் சுத்துற சத்தம் கேக்கலையா? எதையும் அலசி ஆராயற மூளை, ஆளைக் கண்டா ஒதுங்குற சுபாவம், இப்படிப்பட்டவங்களுக்குப் பானை செய்யறது நல்லதுன்னு ஆபீஸ்ல எவனோ சொல்லிட்டானாம். இன்னிக்கு வரைக்கும் ஒரு கிண்ணம் வெளியில வரல. கூப்பிட்டா, 'கை மண்ணா இருக்கு'ன்னு ஒரே பதில்."

"நல்ல மனுஷனைப் பிடிச்சே போ! என் வீட்டுக்காரரைப் பாரு. நான் நாள் பூரா பேசினாலும் வாயைத் திறக்காம கேட்டுக்கிட்டே இருப்பார். ஏங்க, போய் உங்க சகலையைக் கையோட இழுத்துக்கிட்டு வாங்க."

அக்காவின் கணவர் எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார்.

மின்சாரச் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பொட்டு மண் இல்லை. சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த சகலை திடுக்கிட்டு விழித்து, பக்கத்தில் களிமண் கரைத்து வைத்திருந்த வாளிக்குள் அவசரமாக இரண்டு கைகளையும் விட்டார். வந்தது யாரென்று பார்த்ததும் அசடு வழிந்தார். பிறகு, வாளியை மெல்ல வந்தவர் பக்கம் நகர்த்தினார்.

கூடத்தில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க! கூப்பிடப் போனவரு எங்க போனீங்க? வரீங்களா இல்லையா?"

உள்ளேயிருந்து அவள் கணவரின் குரல் வந்தது.

"இரும்மா, கை மண்ணா இருக்கு!"