கசக்காத கொழுந்து

கொழுந்து வெட்டும் மெசினை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் மோகனா, அந்தப் பக்கம் காளியம்மா. நடுவில் வளைந்த கத்தி, பின்னால் காற்றில் உப்பிய நீளப் பை. ஒரு முனை இரண்டு விரல் தாழ்ந்தாலும் முற்றிய இலை உள்ளே விழுந்துவிடும். அதனால் இருவரும் ஒரே அடி வைத்து நடக்கிறார்கள். பத்து வருடப் பழக்கம். கொரோனா முகாமிலிருந்து திரும்பிய மோகனாவுக்கு இதுதான் முதல் நாள். அவள் அங்கே இருந்தபோதுதான் அப்பா இறந்தார். முகம் பார்க்க விடவில்லை. பனிமூட்டம் விலகி வெயில் சரிவில் இறங்குகிறது. மேட்டு ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய எஸ்டேட் கணக்குப்பிள்ளை கிராணி சத்தம் போடுகிறார்: "என்ன மோகனா, கொழுந்து இப்ப கசக்குதா?" மோகனாவின் கால் நின்றுவிடுகிறது. முகாமுக்குப் போவதற்கு முந்தின நாள், நாக்கில் ருசியே தெரியாமல், கொழுந்தைக் கடித்தாலும் கசக்கவே இல்லை என்று அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னாள், இதே வரிசையில். மறுநாள் காலையில் அவள் குடியிருக்கும் லயத்து வாசலில் முகாமுக்கு ஏற்றிப்போக வேன் நின்றது. கத்தி சாய்கிறது, இலைகள் கிழிந்து தெறிக்கின்றன. காளியம்மா எஞ்சினை அணைக்கிறாள். "நீதானாக்கா?" "எஞ் சின்னவனுக்கு இழுப்பு இருக்குலா, புள்ள. பயந்துட்டேன்." "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே." காளியம்மா கையுறையின் நுனியைத் திருகுகிறாள். மோகனா முகக்கவசத்தை இறக்கி, ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கடிக்கிறாள். "கசக்குதா?" என்று காளியம்மா மெதுவாகக் கேட்கிறாள். நாக்கு முழுக்கக் கசப்பு ஏறுகிறது. மோகனா அதைச் சொல்லவில்லை. தன் பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பக்கமும் உயரக் காத்திருக்கிறாள்.