நீ எங்கடா ஓடிடப் போற?

"நேத்து நீ உடம்பு முடியலன்னு லீவு கேட்டப்ப, நடிக்காதேன்னு கத்தினது தப்புதான்டா. அதுக்காக இப்படியா பழிவாங்குவ?"

சிநேகிதன் வாய் திறக்கவில்லை. இருவரும் ஒற்றை அறையில் இரண்டு லேப்டாப்போடு தொடங்கிய கம்பெனி. இவன் முதலாளியானான், சிநேகிதன் சர்வரைக் கட்டி மேய்த்தான். கோபித்துக்கொண்டால் நாள்கணக்கில் முகம்கொடுத்துப் பேச மாட்டான்.

"காலையில இருந்து நம்ம ஆப் படுத்துக்கிடக்கு. கஸ்டமரெல்லாம் காறித் துப்புறாங்க. உன் போன்ல உன் விரலை வச்சாதான் சர்வருக்குள்ள போக முடியும்."

இவன் இன்னும் நெருங்கிக் குனிந்தான்.

"இன்னொருத்தர் ரேகையும் பதிஞ்சு வைக்கலாம்னு நீ தலைபாடா அடிச்சுக்கிட்ட. 'நீ எங்கடா ஓடிடப் போற?'ன்னு நான்தான் சிரிச்சேன். போதுமா?"

பொறுமையிழந்து, சிநேகிதனின் கையை இழுத்துக் கட்டைவிரலைப் போனில் அழுத்தினான். திறக்கவில்லை. விரலைத் தன் சட்டையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, மறுபடியும் அழுத்தினான்.

வாசலில் நின்ற பிணவறை ஊழியர் தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப சில்லிட்டுப் போச்சு சார், இனிமே ரேகை எடுக்காது. அவசரம்னு கெஞ்சினீங்களேன்னுதான் உங்களை முதல்ல விட்டேன். அவர் சம்சாரம் வெளியில நிக்கறாங்க. இன்னும் முகம்கூடப் பார்க்கல. வரச் சொல்லவா?"