பொன்னாடை யாருக்கு?

அக்ஷயா பாதி மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லைக் கயிற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்க, இவள் மட்டும் நட்ட நடுவில் காலை நீட்டிக்கொண்டு, "டாடி, மூச்சு வாங்குது!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினாள்.

மேடையில் நின்ற கதிர்வேலுக்கு முகம் சுருங்கிப்போனது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். அவிநாசிக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊரில் பொங்கல் விளையாட்டு விழாவுக்கு அன்று அவர்தான் சிறப்பு விருந்தினர்.

"டிவி முன்னால உக்கார்ந்திருக்கற பிள்ளைகள எழுப்பித் தொரத்தி உடுங்க. வேர்க்க வேர்க்க ஓடற பிள்ளைதான் நாளைக்கு நல்லா இருக்கும்" என்று சற்று முன்புதான் மைக்கைப் பிடித்து முழங்கியிருந்தார். அந்தப் பேச்சுக்குப் போர்த்திய பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது.

"மொதலாளி ஊட்டுப் பாப்பாவுக்குக் கார்ல போட்டி வெச்சீங்கன்னா மொதப் பரிசுதானுங்க!" கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஊரே சிரித்தது.

கதிர்வேலும் ஒப்புக்குச் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. வெயிலில் நின்றால் பிள்ளை கறுத்துவிடும், விளையாட்டுப் பீரியடுக்கு விடாதீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தவரே அவர்தான். வீடியோ கேம் வாங்கிக் கொடுத்ததும், தெருமுனைக் கடைக்குக்கூடக் காரில் அனுப்பியதும் அவர்தான். யாரைப் போய் நோவது?

"ஏனுங்க, மொதல்ல வந்த பிள்ளையக் காணோமுங்க!" இளைஞர் மன்றத்து அங்கப்பன் கீழேயிருந்து கூவினான்.

அந்தப் பிள்ளை ஓடியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஓட்டப்பந்தயம் தொடங்கும்போது மன்றத்து விசில் காற்றுதான் விட்டது, சத்தம் வரவில்லை. கூட வந்திருந்த கம்பெனி வாட்ச்மேனின் விசிலை வாங்கிக் கதிர்வேலே ஊதினார். ஊதி முடிக்கவில்லை, அதற்குள் சாயம் போன பச்சைப் பாவாடை ஒன்று பாதி தூரம் தாண்டிவிட்டது. எல்லைக் கயிற்றிலும் அது நிற்கவில்லை, வேலியைத் தாண்டி ஒரே ஓட்டமாய்ப் போய்விட்டது.

அங்கப்பன் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தான். "சோளத்தட்டுப் போருக்குப் பின்னால வாயப் பொத்திக்கிட்டுக் குந்தியிருந்துச்சுங்க! நம்ம நஞ்சம்மா மவ கோமளாங்க."

"பரிசு குடுக்கறதுக்கு ஏன் கண்ணு ஒளிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டார் கதிர்வேல்.

"தெரியலைங்க. காலு தானா ஓடிருச்சுங்க."

மறுபடியும் சிரிப்பு. கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். குச்சிக் கை, குச்சிக் கால். காலில் செருப்புக்கூட இல்லை. எல்லாம் வாங்கிக் கொடுத்து வளர்த்த தன் மகளோ இன்னும் எழுந்திருக்காமல் புழுதியில் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்கப் பார்க்கக் கதிர்வேலுக்குக் கூசியது.

மைக்கை எடுத்தார். "எம் பொண்ண நாந்தான் கெடுத்துப்போட்டனுங்க. இனி அப்பிடி உடமாட்டேன்" என்றார். ஊர் கைதட்டியது. சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசானது போலிருந்தது.

டிபன் கேரியர் பரிசைக் கோமளாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கேட்டார். "இத்தன வேகமா ஓட உனக்கு ஆரு கண்ணு பழக்கி உட்டது? பள்ளிக்கூடத்து வாத்தியாருங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"உங்கப்பனா?"

அதற்கும் இல்லை.

"கூச்சப்படாமச் சொல்லு அம்மணி. அவரத்தான் நான் தேடறேன். எம் பொண்ணையும் நாளைக்கே அவருகிட்டக் கொண்டுபோய் உடறேன். இந்தப் பொன்னாடை எனக்கு எதுக்கு? அவருக்குத்தான் போடோணும்."

தோளில் கிடந்ததை எடுத்து இரண்டு கையிலும் விரித்துக்கொண்டார். அங்கப்பன் மைக்கை வாங்கிப் பிள்ளையின் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

கோமளா அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானுங்க மொதலாளி."

ஊர் ஓவென்று கைதட்டியது. சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை தெரிகிறது என்று கதிர்வேல் பூரித்துப்போனார். "நானா? நான் எங்க கண்ணு உனக்குப் பழக்குனேன்?"

"நம்ம கம்பெனியிலதானுங்க."

விரித்த பொன்னாடை கையிலேயே நின்றது. மைக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தோன்றியது, கை வரவில்லை. கைதட்டல் மெல்ல அடங்கி, எல்லாரும் அடுத்து வரும் வார்த்தைக்காகக் காதைக் கொடுத்தார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவர் கேட்ட கேள்விக்குக் கோமளா பயபக்தியோடு பதில் சொன்னாள்.

"விசில் சத்தம் கேட்டா லேபர் ஆபீசர் கண்ணுல படாம, சின்னப் பிள்ளைக எல்லாம் பின்கேட்டு வழியா ஓடி ஒளிஞ்சுக்கோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."