ஹரிஷங்கர் சார் குரல்

"கடையில உங்களை நன்னா ஏமாத்திட்டா, முனியாண்டி!"

வாசலில் நின்ற பத்துப் பேர் முன்னால் அதே தெரு ஹரிஷங்கர் இப்படிச் சொன்னதும் முனியாண்டி முகம் சுண்டிப்போயிற்று.

கொச்சி கார்ப்பரேஷனில் குப்பை வண்டி ஓட்டுகிறவர் முனியாண்டி. மகள் சுமா அனிமேஷன் படிக்கிறாளே என்று எர்ணாகுளம் போய் அவள் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்திருந்தார். அது தன் மெமரி மொத்தத்தையும் பிராசசருக்கு ஒரேயடியாகத் திறந்துவிடுமாம் என்று மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

"திறக்காது! உங்க பிராசசர் பழசு. அதுக்கு அந்த வசதியே கிடையாது. இதுகூடத் தெரியாம யாராவது வாங்குவாளா?" ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை ஹரிஷங்கருக்கு.

"அப்படியா மோளே?" என்று மகளைக் கேட்டார் முனியாண்டி.

பதினேழு வயது சுமா யார் குரலிலும் அச்சு அசலாகப் பேசுவாள். சட்டென்று அந்தப் பழைய பிராசசரை அரிசி கோடவுன் வாட்ச்மேனாக்கி, மலையாள வாடையோடு அவர் குரலில் பேசினாள்.

"என்னைச் செஞ்ச காலத்துல கார்டுல மெமரியே கொஞ்சம்தான் கேட்டோ! அது போதும்னு சின்னக் கதவு சாவி மட்டும் தந்தாங்க. சரக்கு எவ்வளவு வந்தாலும் சாக்கு சாக்காத்தான் உள்ளே விடுவேன். லாரியோட நுழையணும்னா வேற ஆளைப் பாரு!"

கூட்டம் சிரித்தது.

"கார்டு ஓடும்ப்பா. அந்த ஒரு வசதி மட்டும் இல்ல," என்றாள் சொந்தக் குரலில்.

"என் சிஸ்டத்தை வந்து பாரு. மொத்தமும் திறந்து கிடக்கும்!" என்றார் ஹரிஷங்கர்.

முனியாண்டிக்குப் போக மனசில்லை. சுமா இழுத்துப் போனாள். தெருவிலிருந்து நாலு பேரும் கூடவே வந்தார்கள்.

அங்கே ஹரிஷங்கரின் எட்டு வயது மகள் மீனாக்ஷி ஓடி வந்து நாற்காலி போட்டாள்.

"எங்கப்பாவே பார்ட் பார்ட்டா வாங்கிப் பண்ணினது சேச்சி!"

ஹரிஷங்கர் எல்லோருக்கும் ஸ்பீக்கர் பெருமை சொல்லிக்கொண்டிருந்தார். சுமா செட்டிங்கைத் திறந்தாள். உற்றுப் பார்த்தாள். ரீஸ்டார்ட் செய்து என்னவோ தட்டினாள்.

"சூப்பர் சிஸ்டம் சார்!" என்று எழுந்துவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் முனியாண்டி வெடித்தார். "ஊர்ல ஒருத்தரை விடாம மிமிக்ரி பண்றவ, அந்த ஆளு குரல்ல ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?"

"அவர் சிஸ்டத்துல அந்த வசதி இருக்குப்பா. ஆனா மனுஷன் இதுவரைக்கும் ஆன் பண்ணவே இல்ல. நான்தான் பண்ணிட்டு வந்தேன்."

முனியாண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அதை அங்கேயே சொல்றதுக்கு என்னடி?"

"மீனாக்ஷி பக்கத்துல நின்னாளேப்பா. நாலு பேர் முன்னால அப்பா தலை குனிஞ்சா எப்படியிருக்கும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."