பூதம் உட்காரும் இடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பெரிய நாயின் கதை சொல்கிறேன். கன்றுக்குட்டி அளவு இருந்ததால் அதற்குப் பூதம் என்று பெயர். மலைக்குப் போகும்போதெல்லாம் ஜீப்பின் பின்சீட் முழுவதும் அதற்குத்தான். பூங்கோதையும் கணவரும் மகளும் முன்னால் நெருக்கியடித்து உட்காருவார்கள். குளிர்காற்று பட்டதும் அது பூங்கோதையின் தோளில் தாடையை வைத்துப் புடவையெல்லாம் எச்சிலாக்கும்.

பூதம் செத்த பிறகு அவர்கள் மலைக்குக் கிளம்பியது அன்றுதான் முதல்முறை. அடிவாரம் வந்ததும் பூங்கோதை கணவர் பக்கம் திரும்பினாள்.

"அது இல்லாம எனக்கெதுக்கு மலை? வண்டியத் திருப்புங்க."

கணவர் ஜீப்பை நிறுத்தினார். அங்கிருந்த செக்போஸ்ட் காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பின்னாடி பூரா காலியா கெடக்கு. மூணு பேரும் இப்படி நசுங்கிக்கிட்டு வர்றீங்க?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். யோசிக்காமலே அப்படி ஏறியிருந்தார்கள்.

"செத்தும் எடம் விடமாட்டேங்குது பாரு, கழுத!" என்று மகள் சிரித்தாள். பூங்கோதைக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

"நீ பின்னால போய் உக்காருறியா?" என்று பூங்கோதையிடம் கேட்டார் கணவர்.

"வேணாம். பதினோரு வருஷம் நசுங்கக் குடுத்துவச்சவங்க நாம. மேல போங்க. பின்னாடி கண்ணாடிய மட்டும் எறக்கிவிடுங்க, காத்து வரட்டும்."

உங்கள் வீட்டிலும் என்றைக்கும் இடம் போதாமலே இருக்கட்டும், கண்ணுகளா.