மூன்றாவது பிலோடென்ட்ரான்

காட்டில் அடியோடு அழிந்துபோன அந்தப் பிலோடென்ட்ரான் செடி, இப்போது உலகத்தில் மூன்றே வீடுகளில்தான் உயிரோடு இருந்தது. அதில் ஒன்று நாகர்கோவிலில் இருதயராஜின் வீடு. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை இலைகளுக்கு அவர் நீர் தெளிக்க வேண்டும். அதனால் ஆறு வருடமாக அவர் ஊர்தாண்டிப் போனதில்லை. மகள் ரோஸ்லினின் கல்யாணத்தைக்கூடத் திரையில்தான் பார்த்தார்.

அன்று காலை மதுரையிலிருந்து ரோஸ்லின் கூப்பிட்டாள்.

“அப்பா, வலி வந்துட்டு. ஆஸ்பத்திரியில சேந்தாச்சு. பயமா இருக்கு. வருவியளா?”

செடியைத் தன்னிடம் ஒப்படைத்திருந்த செடிக் காப்பகத்துக்கு அவர் உடனே பேசினார்.

“இப்பதான் மாத்து ஆள் ஒருத்தர சேத்திருக்கோம், நாளன்னைக்குத்தான் வருவாங்க சார். அதுக்குள்ள தண்ணி தவறிச்சுன்னா செடி தாங்காது” என்றார்கள்.

இருதயராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசல்வரை போனார், திரும்பி வந்தார். எட்டு மாதம் காத்திருந்து வந்த புதுத் துளிர் அன்றுதான் பாதி விரிந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு வேட்டிகளை நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார்.

திருநெல்வேலியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் எழுந்து நின்றார்.

பிரசவ அறையில் அவரைக் கண்டதும் ரோஸ்லின் திகைத்துப்போனாள்.

“செடிய யாருட்ட விட்டுட்டு வந்தீய?”

“யாருட்டயும் விடல, மக்ளே.”

“பொய் சொல்லாதியப்பா” என்றவள், அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அத்தனை வலியிலும் சிரித்தாள்.