பல்லி மொழியின் புதிய பதிப்பு

டியூப் லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிகள் தங்கள் மொழிக்குப் புதிய பதிப்பு கொண்டுவரத் தீர்மானித்தன. பழையதில் 'ஓடு' என்று சொல்ல ஏழு முறை உச்சுக்கொட்ட வேண்டும். புதியதில் ஒரு முறை போதும்.

"மாறுவதற்குப் பத்து வருஷம் அவகாசம். அதுவரைக்கும் எதையும் ரெண்டு பதிப்பிலும் சொல்லணும்," என்றது திட்டம் போட்ட பெரிய பல்லி.

"நாம இருக்கப்போறதே அஞ்சு வருஷம்தான் அண்ணே," என்றது சின்னப் பல்லி.

பெரியது பதில் யோசித்தபடி சுவரில் இறங்கி நடந்தது. கீழே அலமாரியின் மேல் பூனை ஏறுவதைச் சின்னது பார்த்துவிட்டது. ஒரு முறை உச்சுக்கொட்டியது.

"கேட்டுச்சு. பழைய பதிப்பிலும் சொல்லிடு," என்றது பெரியது, நகராமல்.

சின்னது அவசரமாகக் கொட்டத் தொடங்கியது. ஐந்தாவதில் பூனை பாய்ந்தது.

வாலைப் பூனையிடம் விட்டுவிட்டு மேலே ஓடிவந்த பெரிய பல்லி வெகுநேரம் மூச்சு வாங்கியது. பிறகு, "நீ சொன்னதும் சரிதான். பத்து வருஷம் சரிப்படாது," என்றது. "இருபதாக்கிடுவோம்."